காப்புக்குள் ஒரு பீடி

சேரப்பணஞ்சேரி கோதண்டத்துக்கு உடம்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சட்டையைக் கழற்றினால் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி நிற்பான். ஆண்டவன் தன் கையில் இருந்ததையெல்லாம் அவன் தொண்டைக்கே செலவழித்துவிட்டு, மிச்சம் மீதியில் கையையும் காலையும் ஒட்டி அனுப்பிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அந்தத் தொண்டைதான் படப்பை டூரிங் கொட்டகைக்கு வாய். மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் படத்தட்டியைச் சாத்தி, நடுவில் கோதண்டத்தை நிறுத்தி, ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார்கள். கையில் தகரக் குழல். அதை வாயில் வைத்து, "இன்று மாலை முதல்..." என்று அவன் ஆரம்பித்தால் ஏரிக்கரையில் மேய்கிற எருமை தலையைத் தூக்கிப் பார்க்கும். படம் எப்படி இருந்தாலும் கூட்டம் வந்துவிடும். படம் பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள்கூடக் கொட்டகைக்காரனைத்தான் திட்டுவார்களே தவிர கோதண்டத்தைத் திட்ட மாட்டார்கள்.

அதுவரை அவன் பீடியைத் தொட்டவனில்லை. கல்யாணம் ஆகி, செங்கமலம் வந்து குடித்தனம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சனியன் வண்டியில் ஏறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வாக்கில், இரட்டைக் கோடாலி பீடி என்று ஒரு கம்பெனியின் ஏஜெண்டு கொட்டகைக்கு வந்தான். படத்தோடு சேர்த்துப் பீடியையும் கூவச் சொன்னான். கூலியாகக் கட்டுக்கட்டாகப் பீடி தருகிறேன் என்றான்.

"எனுக்குப் பீடி பழக்கமில்லீங்களே" என்றான் கோதண்டம்.

"குடிக்காதவன் கூவுனா எவன்யா வாங்குவான்? ஒண்ணு பத்த வெச்சிக் காட்டு, போதும்."

காட்டினான். முதல் நாள் கண்ணில் தண்ணீர் முட்டியது. மறுவாரம் அவனே ஒரு வித்தை கண்டுபிடித்தான். வாய் நிறையப் புகையை இழுத்துத் தகரக் குழலுக்குள் ஊதினான். குழலின் மறுமுனையிலிருந்து ரயில் இஞ்சின் மாதிரி புகை குபுகுபுவென்று வந்தது. பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தன. ஏஜெண்டு சிரித்த சிரிப்பில் அவன் தங்கப்பல் தெரிந்தது. கோதண்டத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ரயிலே வராத ஊருக்கு ரயில் விட்டவன் ஆயிற்றே.

அதற்கப்புறம் ரயில் நிற்கவே இல்லை. கண் திறப்பதற்கு முன்னால் கை தலைமாட்டில் தீப்பெட்டியைத் தேடும். பீடி இல்லாமல் வயிறு இளகாது. பீடி இல்லாவிட்டால் செங்கமலம் வைத்த குழம்பில் உப்பு இருக்காது, இருந்தால் அதிகமாக இருக்கும். சோறில்லாமல் கோதண்டம் ஒருவேளை இருந்திருக்கிறான். பீடி இல்லாமல் இருந்ததில்லை. வருஷத்தில் பதினெட்டு நாள் தவிர.

அந்தப் பதினெட்டு நாள்தான் இந்தக் கதையின் கழுத்து.

ஊரில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. பங்குனியில் தீமிதி. தீ மிதிக்கிறவர்கள் எல்லோரும் பதினெட்டு நாள் முன்பே மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவன் கவுச்சி தின்னக் கூடாது, சாராயம் தொடக் கூடாது, பீடி குடிக்கக் கூடாது, பொண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது. கோதண்டம் விடலைப் பருவத்திலிருந்து காப்புக் கட்டுகிறவன். அவனுக்கென்று ஒரு வேலையும் உண்டு. தீக்குழி ஓரத்தில் நின்று முதல் "கோவிந்தா" அவன்தான் போடவேண்டும். அவன் தொண்டையிலிருந்து அது கிளம்பிய பிறகுதான் பூசாரி ரத்தினம் கரகத்தோடு நெருப்பில் கால் வைப்பார். அந்தக் குரலைக் கேட்டால் நெருப்பே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

பீடி பழகி ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு மார்கழியில் அவன் நெஞ்சு பாட ஆரம்பித்தது. அதற்குமுன் சளி, இருமல் என்று ஒருநாள் படுத்ததில்லை. இப்போது படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தால் வரும், விசிலோடு வரும். மூச்சை இழுத்தால் ஒரு சுரம், விட்டால் இன்னொரு சுரம். டீக்கடை நாகப்பன்தான் முதலில் பெயர் வைத்தான்.

"இன்னாடா மச்சான், உள்ள ஆர்மோனியப் பொட்டி வெச்சிகினு கீறியா?"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கோதண்டத்தின் பெயர் ஆர்மோனியம். பிள்ளைகள் அவனுக்குப் பின்னால் வந்து, விரலைக் காற்றில் ஆட்டிக் கட்டை அழுத்துவார்கள். அவன் திரும்பித் திட்ட வாயைத் திறந்தால் விசில்தான் வரும். அதற்கும் சிரிப்பார்கள். கொட்டகைக்காரன் தகரக் குழலை வாங்கி வேறு ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, கோதண்டத்தைப் போஸ்டர் ஒட்டச் சொன்னான். எருமைகள் தலையைத் தூக்குவதை நிறுத்திக்கொண்டன.

இரண்டு மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செங்கமலம் அவனை ஸ்ரீபெரும்புதூர் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எவ்வளவு நாளாப் பீடி?" என்றார்.

"அது இருக்குதுங்க, ஒரு பத்து வருசமா. மூச்சுக்குக் குடுங்க சாமி."

"மூச்சுக்குத்தான்யா கேக்குறேன். உனக்கு இருக்கறது ஆஸ்துமா. சின்ன வயசுல இல்லாதது இப்ப வந்திருக்கு. பீடிய விடு, இல்லன்னா மருந்து என்ன குடுத்தும் பிரயோசனம் இல்ல."

"வருசா வருசம் பங்குனியில தானா சரியாப் பூடுதுங்க. காப்புக் கட்டுனா ஆத்தா எறங்கி மூச்சு குடுத்துருவா."

"காப்புல பீடி குடிப்பியா?"

"சேச்சே! காப்புல ஏதுங்க பீடி?"

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு செங்கமலத்தைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் பதினெட்டு நாளையும் மிச்ச நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவள். கோதண்டத்துக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் ஒன்றைப் பற்றவைத்தான்.

ஊரின் கணக்கும் அவன் கணக்குதான். காப்புக் கட்டினால் முதல் நாலைந்து நாள் எரிந்து விழுவான், கை நடுங்கும், இருமி இருமிச் சளியைக் கக்குவான். "ஆத்தா அழுக்கக் களையுறா" என்பார் பூசாரி ரத்தினம். இரண்டாவது வாரத்தில் விசில் அடங்கும். தீமிதி அன்றைக்குப் பழைய தொண்டை திரும்பி வந்து நிற்கும். காப்பு அவிழ்த்த கையோடு கற்பூரத் தட்டிலேயே பீடியைப் பற்றவைத்துக்கொள்வான். பத்து நாளில் ஆர்மோனியம் மறுபடியும் ஆரம்பிக்கும். "பாத்தியா, காப்ப அவுத்ததும் ஆத்தாவுக்குக் கோவம்" என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஊர் முழுக்க இத்தனை கண் இருந்தும் அவன் வாயில் புகைந்துகொண்டிருந்த பீடியை மட்டும் ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு வருஷம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் மரியாதை. அந்த ஒரு "கோவிந்தா"வுக்காகத்தான் கோதண்டம் மிச்ச நாளெல்லாம் கேலியைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

எழுபதாம் வருஷத்துப் பங்குனியில், காப்புக் கட்டி ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவன் வைக்கோல் போருக்குப் பின்னால் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கால் போயிற்று. கை போருக்குள் நுழைந்தது. அங்கே ஒரு துண்டுப் பீடி இருந்தது. அதை அங்கே செருகி வைத்தவனும் அவன்தான், செருகியதை மறந்துவிட்டதாக நடித்தவனும் அவன்தான். ஒரே ஒரு இழுப்பு என்று நினைத்தான். இழுத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்த தண்ணீர்.

செங்கமலம் மாட்டுக்கு வைக்கோல் உருவ வந்தாள்.

"அடப்பாவி! காப்புக் கட்டுன கையாலயே..."

"கத்தாத டி. செங்கமலம், கத்தாத. ஒண்ணே ஒண்ணு."

"கீழ போடுய்யா. அத்த மொதல்ல கீழ போடு."

போட்டான். மிதித்தான். பிறகு அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். ஊருக்குத் தெரிந்தால் காப்பை அறுத்துவிடுவார்கள், கோவிந்தா போட விட மாட்டார்கள், அப்புறம் தான் மனுஷனே இல்லை என்றான். வாயால் சொன்னால் போதாது என்று அவள் கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டான்.

"இது மேல ஆணையா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. சொன்னா இது உன் கழுத்துல நிக்காது."

அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீயும் இனிமே தொட மாட்டேன்னு சொல்லுய்யா" என்றாள். அவனும் சொன்னான். அவன் ஆணை எதன் மேலும் இல்லை, காற்றில் போட்டது.

மறுநாள் நாகப்பன் டீக்கடைக்குப் போனான். நாகப்பன் மஞ்சள் கயிற்றைப் பார்த்தான், ஆள் முகத்தைப் பார்த்தான், சிரித்தான்.

"பொறை வேணுமா மச்சான்?"

"ம்."

"பொட்டலமாக் கட்டித் தரேன். வூட்டாண்ட போய்ப் பிரி."

பொட்டலத்தில் பொறை ரொட்டியோடு பீடியும் இருந்தது. தீமிதி வரைக்கும் தினம் பொறை வாங்கினான். இத்தனை பொறை தின்கிற ஆளுக்குச் சதை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இரண்டாவது வாரம் வந்தது, விசில் அடங்கவில்லை. "ஆத்தா இந்த வருசம் கொஞ்சம் லேட்டு" என்று ரத்தினத்திடம் சொன்னான். செங்கமலம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை தாலியைப் பிடித்திருந்தது.

தீமிதி அன்று மாலை ஏரியில் முழுகி, ஈரத் துணியோடு காப்புக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். புளியங்கட்டை எரிந்து தணலாகி, அதன்மேல் புகை ஒரு முழம் உயரத்துக்கு மிதந்தது. பம்பை மேளம் நின்றது. ரத்தினம் கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோதண்டத்தைப் பார்த்தார். ஊரே பார்த்தது.

கோதண்டம் வாயைத் திறந்தான்.

"கோ..."

அதற்குமேல் வந்தது விசில். மறுபடியும் இழுத்தான். உள்ளே போனது புகை. நெஞ்சுக்குள் யாரோ கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது. கை காற்றைப் பிறாண்டியது. முட்டி மடங்கிக் குழி ஓரத்தில் விழுந்து, சிதறிக் கிடந்த தணலில் உள்ளங்கையை ஊன்றினான். தோல் சுடுகிற வாசனை வந்தது. இரண்டு பேர் அவனை இழுத்து வெளியே போட்டார்கள்.

"நில்லுங்கடா! எவனும் எறங்காதீங்க!" என்று ரத்தினம் கையைத் தூக்கினார். "சுத்தம் கெட்டிருக்கு. இது ஆத்தா வேல."

சுத்தம் கெட்டால் யார் கெடுத்தது என்று தேட ஊருக்கு அதிக நேரம் ஆகாது. பாப்பம்மாள்தான் ஆரம்பித்தாள். அவளுக்கும் செங்கமலத்துக்கும் கிணற்றடியில் எப்போதோ வாய்த்தகராறு.

"ஏண்டி, பதினெட்டு நாளுகூடப் பொறுக்க முடியலயா உனுக்கு?"

பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. "ஆர்மோனியத்த வூட்ல வெச்சிகினு வாசிக்காம இருக்க முடியுமா இன்னா!"

கூட்டம் சிரித்தது. சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த ஒருத்திகூட நின்று சிரித்துவிட்டு மறுபடியும் ஆடினாள். செங்கமலம் சிரிக்கவில்லை, அழவில்லை. கோதண்டத்தைப் பார்த்தாள்.

ரத்தினம் அவன் பக்கத்தில் குனிந்தார். "கோதண்டம், பேச முடியலன்னா தலைய ஆட்டு. உன் பொஞ்சாதி பக்கத்துல வந்தாளா?"

அவன் தலை ஆடியது. இருமலில் ஆடியது. ஊர் அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டது.

பேச முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் பீடி என்று சொல்லப் பேச்சு எதற்கு? இரண்டு விரலை உதட்டில் வைத்தால் போதும். ஊமையும் செவிடனும்கூடப் புரிந்துகொள்கிற சைகை அது. தினம் அந்தச் சைகை காட்டித்தான் தீப்பெட்டி கேட்பான். கோதண்டத்துக்கு அது அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. வந்ததனால்தான் வெந்துபோன கையை நெஞ்சோடு சேர்த்து, விரல்களை மடக்கிக்கொண்டான். காட்டினால் அடுத்த வருஷம் கோவிந்தா கிடையாது.

கூட்டத்தில் நாகப்பனும் நின்றான். அவனுக்கும் தெரியும். அவன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டான்.

செங்கமலத்தின் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பாப்பம்மாள் ஊற்றிய குடம் கொஞ்சம் பலமாகவே இறங்கியது. ஒட்டிய சேலையோடு குழியைச் சுற்றி வரச் சொன்னார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சுற்றி வந்தாள். இனி அவள் கோயில் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று ரத்தினம் சொன்னார். பிறகு தீக்குழிக்குத் தீர்த்தம் தெளித்தார்கள். கோவிந்தா போட ஆள் வேண்டுமே? நாகப்பன் போட்டான். நன்றாகவே போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் செங்கமலம் அவன் உள்ளங்கையில் பச்சிலை அரைத்து வைத்துத் துணி சுற்றினாள். கோதண்டத்துக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"நா சொல்லியிருப்பேன் டி. மூச்சு வரல."

அவள் முடிச்சுப் போட்டு முடித்தாள்.

"வெரலுக்குமாய்யா மூச்சு ஓணும்?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு சோறு போட்டாள்.

அடுத்த பங்குனியில் கோதண்டம் முதல் ஆளாகக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனான். ரத்தினம் மற்றவர்களுக்கெல்லாம் கட்டிவிட்டு மஞ்சள் கயிற்றைச் சுருட்டி வைத்தார். "உன் வூடு தீட்டுப்பட்ட வூடுப்பா. உனுக்குக் காப்பு கிடையாது." எந்தக் கயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளக் கோதண்டம் பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்தானோ, அந்தக் கயிறே கையை விட்டுப் போயிற்று. கூடவே வருஷத்துக்குப் பதினெட்டு நாள் மூச்சும் போயிற்று.

அவன் வீட்டுக்கு வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். செங்கமலம் அடுப்படியிலிருந்து எழுந்தாள். அம்மியில் மஞ்சளை இழைத்து, தன் பழைய சேலை ஓரத்திலிருந்து உருவிய நூலில் தடவி, அவன் மணிக்கட்டில் கட்டினாள்.

"இது ஆத்தா கட்டுனது இல்ல. நா கட்டுறது. இத்த அவுக்கறதுக்கு நாள் கிடையாது."

கோதண்டம் சரி என்று தலையாட்டினான். மனசாரத்தான் ஆட்டினான். சாயங்காலம் வரை தாங்கினான். பிறகு நாகப்பன் கடைக்குப் போகிற வழியில் நூலை மேலே மேலே தள்ளி, சட்டைக் கைக்குள் முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டான். வீடு திரும்பும்போது, கையிலிருந்த பீடி அணைவதற்கு முன்பே, மறுபடியும் மணிக்கட்டுக்கு இறக்கினான். சோறு போடும்போது அந்த நூலில் தீப்பொறி பட்டுக் கருகியிருந்த இடம் செங்கமலத்தின் கண்ணில் பட்டது. அவள் அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான். இரண்டு பேரும் ரசத்தைப் பற்றிப் பேசினார்கள்.

நூல் அறுந்தால் வேறு கட்டுவாள். அவன் வேறு நூலை மேலே ஏற்றுவான். அப்படியே சில வருஷம் போனது. ஊரில் அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், சாவுக்குத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தன. அதை எழுத முடியாது.

எழுபத்தாறு தை மாதப் பனியில் ஸ்ரீபெரும்புதூர் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கோதண்டம் உட்கார்ந்தபடியே கிடந்தான். படுக்க முடியாது, பேச முடியாது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. செங்கமலம் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கோதண்டம் கையைத் தூக்கினான். தணலில் வெந்து சுருங்கிய அதே கை. இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

செங்கமலம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த அன்னிக்குக் காட்டியிருக்கலாமேய்யா" என்றாள்.

அவன் மறுபடியும் காட்டினான். அவள் அந்த விரல்களைப் பிடித்து மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விசில் நிற்கும் வரை விடவில்லை.

காரியத்தன்று கிணற்றடியில் செங்கமலத்தின் தாலியை அறுத்து, அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் படையலில் வைப்பது வழக்கம். வாழையிலையில் கருவாட்டுக் குழம்பு, வடை, சாராயம் எல்லாம் வந்தது. நாகப்பன் இரட்டைக் கோடாலிக் கட்டு ஒன்றைப் பிரித்து இலை ஓரத்தில் அடுக்கினான். "மச்சானுக்கு இதான் உசுரு" என்று மூக்கை உறிஞ்சினான்.

செங்கமலம் எழுந்து வந்தாள்.

"ஆணைக்குக் கழுத்துல ஒண்ணும் இல்ல இப்ப. சொல்லிடறேன். எழுவதாம் வருசம் காப்புல பீடி குடிச்சாரு. வைக்கப்போர் பின்னால. அப்புறம் தெனம். நா பக்கத்துல போவல."

ரத்தினம் பூசாரி இலையைப் பார்த்தார். பாப்பம்மாள்தான் முதலில் பேசினாள்.

"செத்தவன் வந்து இல்லன்னா சொல்லப்போறான்? பொணத்து மேல பழியப் போடறா பாரு!"

ஆமாம் ஆமாம் என்று நாலைந்து தலை ஆடியது. செங்கமலம் அவர்களைப் பார்க்கவில்லை.

"நாகப்பண்ணா, பொறைப் பொட்டலம் கட்டுனது நீதான. சொல்லு."

எல்லோரும் நாகப்பனைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். "எனுக்கு இன்னாம்மா தெரியும், கடைக்கு ஆயிரம் பேரு..." என்று ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. இருமி நிறுத்தி மூச்சை இழுத்தபோது ஒரு சுரம் கேட்டது. விட்டபோது இன்னொரு சுரம். ஊருக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

சிலர் பயந்துபோய்ப் படையல் இலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செங்கமலம் குனிந்து இலையிலிருந்த பீடிகளை எல்லாம் வாரி எடுத்தாள். நாகப்பனிடம் போய் அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"வெச்சிக்கோணா. அவருக்கு இனிமே வேணாம்."

நாகப்பன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. ஊரே பார்க்கிறது என்று தெரிந்தும் போயிற்று.